மழைக்காலத்தில் பாட்டில் கழுவும் பவுடர்களைக் கட்டியாகாமல் வைப்பது எப்படி?

கேள்வி: காரைக்குடியில், நடு முற்றம் வைத்த பழைய வளவு வீடு. கொம்புச்சாவும் (புளிக்கவைத்த தேநீர்) நெல்லிக்காய் ஸ்குவாஷும் போடுகிறோம். பாட்டில் கழுவ சோடியம் பெர்கார்பனேட், சிட்ரிக் ஆசிட், கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், ஸ்குவாஷ் கெடாமலிருக்கப் போடுவது) மூன்றையும் கிலோக் கணக்கில் வாங்கி வைத்தோம். ஐப்பசி பிறந்ததும் எல்லாம் இறுகிவிட்டது. பெர்கார்பனேட் டப்பா உப்பியும் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, கொட்டிவிடுவதா?

பதில்:

முதலில் அந்த உப்பிய டப்பாவைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் பொறுக்கும். வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருப்பி, உள்ளே அடைபட்ட காற்று போகும்வரை நிறுத்துங்கள். பிறகு டப்பாவின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தே இருந்தால் பயமில்லை. வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி மூடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பெரிய தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்துவிடுங்கள்.

டப்பா உப்புவதற்குக் காரணம் இதுதான். பெர்கார்பனேட் என்பது சலவைச் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த படிகம். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெராக்சைடு. ஈரம் பட்டால் பெராக்சைடு பிரிந்து ஆக்சிஜன் வெளிவரும், சூடும் உண்டாகும், கூடவே தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் மணிகளையும் பிரிக்கத் தொடங்கும். அதனால் இந்த ஒரு பவுடரை மட்டும் ரப்பர் வளையம் போட்ட கிளிப் டப்பாவிலோ வாக்யூம் கவரிலோ அடைக்கக் கூடாது. சிட்ரிக் ஆசிட், கே.எம்.எஸ். இரண்டும் நேர்மாறு, எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் நல்லது. மூன்றையும் ஒரே மாதிரி மூடி வைப்பதில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்குகிறது.

எல்லோரும் மழையைக் குறை சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்று மட்டும் அவ்வளவு கெடுப்பதில்லை. 30 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில், ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் சுமார் 26 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீரோ 50 மில்லிகிராம். ஆக, சரியாகத் துடைக்காத ஒரு ஸ்பூன், டப்பாவை இரண்டு மூன்று முறை திறந்து மூடுவதைவிட அதிக ஈரத்தை உள்ளே கொண்டுபோகும். அதைவிட மோசம், வெந்நீர் வாளிக்கு மேலேயே டப்பாவைப் பிடித்துக்கொண்டு அளந்து போடுவது. 60 டிகிரி வெந்நீரை ஒட்டி எழும் ஆவியில் அதே ஒரு லிட்டருக்கு 130 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கும். தனியாக, காய்ந்த கிண்ணத்தில் அளந்து, டப்பாவை மூடி வைத்த பிறகு வாளிப் பக்கம் போங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

அடுத்தது, பெரிய டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள். ஒரு கிலோவை 150, 200 கிராம் பொட்டலங்களாக, நல்ல வெயில் அடிக்கும் காய்ந்த நாளில், பங்குனி சித்திரையிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு சமயம் ஒரு பொட்டலம்தான் திறந்திருக்க வேண்டும்.

பெர்கார்பனேட்டுக்கு: கெட்டியான ஜிப் கவரில் போட்டு, காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, ஜிப்பை மட்டும் மூடுங்கள். இந்தக் கவர்களை அகலமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிறுத்தி, சாதாரண அழுத்து மூடி போட்டு, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வையுங்கள். வாயு சேர்ந்தால் மூடி தானே தூக்கிக்கொடுக்கும். டப்பாவில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். இரும்பு, பித்தளை, செம்பு ஸ்பூன் வேண்டாம், அந்த உலோகங்களின் துளி பட்டாலே பெராக்சைடு வேகமாகப் பிரியும். தரையில் சிந்தியதை அள்ளித் திரும்ப டப்பாவில் போடாமல், தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

சிட்ரிக் ஆசிட் இறுகினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உடைத்து அப்படியே கரைக்கலாம். நீரற்ற வகையாக வாங்கியது ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை தண்ணீராக இருக்கும், ஆகவே 10 சதவீதம் கூட்டிப் போடுங்கள். கண்ணாடி பாட்டிலும் பிளாஸ்டிக் திருகு மூடியும் இதற்குப் போதும். பாட்டியம்மா காலத்து ஊறுகாய் ஜாடி பார்க்க அழகுதான், ஆனால் அதன் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும், காற்றைத் தடுக்காது.

கே.எம்.எஸ். விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இறுகியது மட்டுமல்ல, வலுவும் போயிருக்கலாம். ஈரம் பட்டால் அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு மெல்ல வெளியேறும், மிச்சம் சல்பேட்டாக மாறும். ஸ்குவாஷில் கந்தக டை ஆக்சைடு 350 பி.பி.எம். (கிலோவுக்கு 350 மில்லிகிராம்) வர வேண்டும் என்று கிலோவுக்கு 0.6 கிராம் போடுகிறவர்கள், பழைய பவுடரை நம்பினால் அந்த அளவு வராது, பாட்டில் புளித்துப் பொங்கும். திறக்கும்போது மூக்கைக் குத்தும் நெடி வர வேண்டும். நெடியே இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். நெடி இருந்தால் மட்டும் முழு வலு இருப்பதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஸ்குவாஷுக்கு அந்த வருஷம் வாங்கியதையே போடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. தகர மூடி துருப்பிடித்துப்போகும், பிளாஸ்டிக் மூடிதான். 50, 100 கிராமாக வாங்குங்கள், கிலோ வேண்டாம்.

சிலிக்கா ஜெல் எவ்வளவு? ஒரு லிட்டர் டப்பாவுக்கு 10 கிராம், பத்து லிட்டர் வெளி டப்பாவுக்கு 100 கிராம். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது பெர்கார்பனேட்டோடு கலக்கக் கூடாது. அந்த டப்பாவுக்கு வெள்ளை மணியை வாங்கித் துணிப் பையில் தைத்துப் போடுங்கள். வெள்ளை நிறம் மாறாது என்பதால் உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வைத்து, 40 சதவீதம் தாண்டினால் மணிகளை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி மூட்டை கட்டிப் போடுவதில் பெரிய பயன் இல்லை. கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குச் சரி, பவுடர் டப்பாவுக்குள் வேண்டாம். அது ஈரத்தை இழுத்துத் தண்ணீராகத் தேங்கும், கவிழ்ந்தால் போச்சு.

இடம்: வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரம் வேண்டாம், முற்றத்தில் விழும் மழைச் சாரல் அங்கே வரும். மாடியில் தட்டோட்டுக்குக் கீழே உள்ள அறையும் வேண்டாம், கோடையில் அங்கே 40 டிகிரி தாண்டும், பெர்கார்பனேட் வலு குறையும். கீழே உள் அறைதான் சரி. ஆத்தங்குடித் தரை ஈரம் காட்டும் நாளில் தரையில் வைக்காமல், சுவரை விட்டு நான்கு விரல் தள்ளிய பலகையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்த உடனே உள்ளே வியர்க்கும்.

மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். பெர்கார்பனேட்டும் கே.எம்.எஸ்.ஸும் ஈரத்தில் கலந்தால் சூடேறும். வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் அது சிட்ரிக் ஆசிட், கே.எம்.எஸ். இரண்டுக்கும் பக்கத்தில் வரவே கூடாது, ஒன்றில் குளோரின் வாயு வரும், மற்றதில் கொதித்துச் சூடாகும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள், எல்லாமே சீனி மாதிரி இருக்கும், பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள். பெயரும் வாங்கிய தேதியும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இறுகிய பெர்கார்பனேட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, டீக்கறை பிடித்த கோப்பையில் 250 மில்லி 60 டிகிரி வெந்நீர் ஊற்றி ஒரு டீஸ்பூன் போடுங்கள். நுரைத்து, அரை மணியில் கறை கழன்றால் நல்லது. கழலவில்லை என்றால் மிஞ்சியது பெரும்பாலும் சலவைச் சோடாதான். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது உதவும், கிருமிக்கு உதவாது. கட்டியை வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்து மீட்கப் பார்க்காதீர்கள், சூட்டில் இன்னும் சீக்கிரம் பிரியும்.

கழுவும் அளவு: லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் பெர்கார்பனேட், 50, 60 டிகிரி வெந்நீர், அரை மணி ஊறல், நன்றாக அலசல். உப்புத் தண்ணீர் போர் என்றால் பாட்டிலில் வெள்ளைப் படலம் தங்கும். அப்போது லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக் கடைசியில் ஒரு அலசு. இரண்டையும் ஒரே தண்ணீரில் கலக்க வேண்டாம், ஒன்றையொன்று அடித்துப்போடும். கரைத்த பெர்கார்பனேட் மிச்சம் இருந்தால் அன்றே சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் மூடி போட்டு மறுநாளைக்கு வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.