போதையில் ஆணுறை மறந்துபோகிறது, என்ன செய்வது?

“வார இறுதியில் குடித்துவிட்டு, சில சமயம் வேறு எதையாவது எடுத்துக்கொண்டு ஆண்களோடு உறவு நடக்கிறது. அந்த நேரத்தில் ஆணுறை ஞாபகமே வருவதில்லை. அறிவுரை வேண்டாம், வழி சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி. போதை ஏறியபின் எடுக்கும் முடிவை நம்பிப் பயனில்லை. செய்ய வேண்டியதைத் தெளிவாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். விட்டுப்போனால் தெளிந்தவுடன் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் கேட்க வேண்டிய மருந்து பெப் (PEP), அதாவது உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கப் போடுவது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஆனால் அது கடைசிக் கெடு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சனி இரவு நடந்ததற்குத் திங்கள் காலையில் யோசிக்கத் தொடங்கினால் பாதிக் கெடு கரைந்துவிட்டது; செவ்வாய் இரவோடு கதவு மூடிவிடும். இங்கே வழக்கமாகக் கொடுப்பது டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். இரண்டாம் வாரத்தில் “ஒன்றும் ஆகவில்லையே” என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று. குடித்த மறுநாள் நெஞ்செரிச்சலுக்கு ஜெலூசில், டைஜீன் குடிப்பது வழக்கம். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துவைத்து, இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். மாத்திரையை அந்த மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் அல்லது எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம். ஊசி குத்திக்கொண்ட பணியாளருக்கும் வன்முறைக்கு ஆளானவருக்கும்தான் தருவோம் என்று சொன்னால், வாதாடி நேரத்தை வீணாக்காமல் தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வெளியே வாங்குங்கள். அன்றே எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள், ஆனால் அறிக்கைக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இது மாதம் ஒருமுறை நடக்கிறது என்றால் பெப் தப்பான கருவி. எச்.ஐ.வி.யைத் தடுக்க உறவுக்கு முன்கூட்டியே போடும் பிரெப்தான் (PrEP) உங்களுக்கு. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் சேர்ந்த மாத்திரை. ஆண்களுக்கு இரண்டு-ஒன்று-ஒன்று என்ற முறை உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் ஒன்று. சனி மாலை 6 மணிக்கு இரண்டு போட்டால் ஞாயிறு 6 மணிக்கு ஒன்று, திங்கள் 6 மணிக்கு ஒன்று. ஞாயிறும் உறவு தொடர்ந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினம் ஒன்று. பிரான்சிலும் கனடாவிலும் நடந்த இப்பெர்கே ஆய்வில் இந்த முறை தொற்றை 86 சதவீதம் குறைத்தது. தவறுவது எங்கே என்றால், ஞாயிறு மாலை 6 மணிக்கு. போதை இறங்கி அடித்துப்போட்டதுபோல் தூங்கும் நேரம் அது. அதனால் அடிக்கடி போகிறவர்கள் தினம் ஒன்று போடுவதே மேல். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் இரண்டு-ஒன்று-ஒன்று முறையைத் தொடக்கூடாது. விட்டு விட்டுப் போட்டால் கல்லீரல் வீங்கக்கூடும். தொடங்கும் முன் சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் எச்.ஐ.வி.யும் பாருங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யோடு சிஃபிலிஸ், கொனோரியா என்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதனை. சிஃபிலிஸை பிரெப் தடுக்காது.

ஆணுறை போட்டும் கிழிந்தது என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, “தேங்காய் எண்ணெய் போட்டீர்களா?” என்பதுதான். எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். தண்ணீர் அல்லது சிலிகான் ஜெல் மட்டும். நீண்ட நேரம் போனால் அரை மணிக்கு ஒருமுறை புது உறை.

போதைப்பொருள்களைப் பொறுத்தவரை, லண்டனில் கெம்செக்ஸ் (போதையோடு உறவு) என்று பெயர் வாங்கியவை மெத், மெஃபெட்ரோன், ஜி.எச்.பி. ஆகிய மூன்றும். மெத் வலியையும் களைப்பையும் மறைக்கும், ஆசனவாயின் உட்சவ்வை உலர்த்தும். உரசலில் ஏற்படும் காயம் மறுநாள்தான் தெரியும். ஜி.எச்.பி.யோடு மது சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். மயங்கியவரைத் “தூங்கட்டும்” என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து, 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நிலையில் இருப்பவரால் சம்மதம் சொல்லவும் முடியாது.

முகர்ந்து போதை ஏற்றும் பாப்பர்ஸும் வயாகராவும் சேரவே கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனால் வயாகரா போட்டதைச் சொல்லிவிடுங்கள். நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்.

மூக்கில் உறிஞ்ச ஒரே குழலை, சுருட்டிய நோட்டைப் பகிராதீர்கள். ஊசி என்றால் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியில் ஹெபடைட்டிஸ் சி போய்விடும். தொற்றினாலும் சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் 12 வாரத்தில் பெரும்பாலானோருக்குக் குணமாக்கும். அரசுத் திட்டத்தில் இலவசம். ஆனால் மறுபடி தொற்றாது என்ற உத்தரவாதம் இல்லை.

எச்.ஐ.வி.க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் சீட்டில் ரிட்டோனாவிர் இருக்கிறதா என்று பாருங்கள். அது கல்லீரலின் வேகத்தைக் குறைப்பதால் மெத், ஜி.எச்.பி., வயாகரா எல்லாமே உடலில் அளவுக்கு மீறி ஏறி நிற்கக்கூடும். டொலுடெக்ராவிர் மாத்திரையில் இந்தச் சிக்கல் இல்லை. மருத்துவரிடம் நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.