மருத்துவர் பதில்: கோடு நேரான பிறகும் அப்பாவுக்கு நினைவு இருந்திருக்குமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 44 வயது. ஊர் சேரன்மகாதேவி பக்கம். அப்பாவுக்கு 72 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்தோம். இரண்டாம் நாள் இதயம் நின்றுபோய், நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து மீட்டார்கள். மறுநாள் அப்பா தெளிவாகவே பேசினார். “ரெண்டு பேர் வந்து என்னைக் கூட்டிட்டுப் போனானுவ. ஆத்துக்கு அக்கரையில எங்க அம்ம நின்னா. ஏட்டை வச்சிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. புரட்டிப் பாத்துட்டு, இவன் இல்லல, இவனை எதுக்குக் கொண்டாந்தியன்னு சத்தம் போட்டாரு. திருப்பி அனுப்பிட்டானுவ” என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

நான்காம் நாள் விடியற்காலையில் இதயம் மறுபடி நின்றது. இந்தத் தடவை மீட்க முடியவில்லை. மானிட்டரில் கோடு நேராகி, முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தக் கோடு இரண்டு மூன்று தடவை மேலே எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். “அப்படித்தான் வரும்” என்று சொல்லி சிஸ்டர் மெஷினை அணைத்துவிட்டார். தம்பி மும்பையிலிருந்து வரும்வரை ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் ஆற்றங்கரையில் எரித்தோம். கொள்ளி வைத்தது நான்.

இறந்த பிறகும் நினைவு தொடர்கிறது என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. அப்படியானால் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்குமா? அம்மாவோ, அப்பா வாசலில் செருமும் சத்தம் தினமும் கேட்கிறது என்கிறாள். குறி கேட்கப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன்.

(பெயர் வேண்டாம்)

பதில்:

ஐஸ் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஒரு ராத்திரியும் மறுநாள் வைத்த கொள்ளியும்தான் என்று எனக்குப் படுகிறது. அப்பாவுக்கு அங்கே குளிரவும் இல்லை, கரையில் சுடவும் இல்லை. துட்டி கேட்க வருகிறவர்கள் சொல்லும் ஆறுதலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமிப்பு என்று கையில் ஒன்றும் கிடையாது, அன்றாடங்காய்ச்சி. இதயம் நின்றால் பத்து இருபது விநாடிக்குள் நினைவு போய்விடும். அதையொட்டி மூளையின் மின்னலைகளும் அடங்கும். ரத்தம் போகாவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் மூளைச் செல்கள் கெட ஆரம்பிக்கும்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், தாடையைச் சுற்றித் துணி கட்டுங்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுங்கள் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியிருப்பார்கள். அந்த அவசரத்துக்கு அர்த்தம் இருக்கிறது. சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும். முகத்திலும் தாடையிலும்தான் முதலில் தெரியும். தசையில் இருந்த எரிசக்தி தீர்ந்துபோனதற்கு அது அடையாளம். தசை முரடு, ரத்தம் இல்லாமலும் வெகு நேரம் தாங்கும். அதுவே விறைத்துவிட்டது என்றால், மூளை அதற்கு எவ்வளவோ முன்பே ஓய்ந்துவிட்டது என்று பொருள். தோலில் பட்ட சூட்டை வலியாக உணர்வது மூளை. அது ஓய்ந்த உடம்பில் வலிப்பதற்கு ஆள் இல்லை.

அடுத்தது அந்தக் கோடு. நீங்கள் பார்த்தது நிஜம். மானிட்டர் காட்டுவது இதயத்தின் மின்சாரத்தை மட்டும்தான். ரத்தம் ஓடுகிறதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. இதயத் தசைக்குத் தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும் குணம் உண்டு. அணையப்போகும் அடுப்பில் ஒரு பொறி தெறிப்பதுபோல அது கொஞ்ச நேரம் எழும்பி எழும்பி அடங்கும்.

இதையே குறியாக வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. கனடா, செக் குடியரசு, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 20 ஐசியூக்களில், இனிப் பயனில்லை என்று உயிர்காக்கும் கருவிகளை நிறுத்திய நோயாளிகளைக் கவனித்தார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. மானிட்டர் பதிவுகளை விநாடி விநாடியாகப் பார்த்ததில், நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு நாடி நின்ற பிறகு இதயம் மறுபடி சிறிது அசைந்திருந்தது. மிக நீண்ட இடைவெளி 4 நிமிடம் 20 விநாடி. அவர்களில் ஒருவருக்கும் நினைவு திரும்பவில்லை, ஒருவரும் பிழைக்கவும் இல்லை.

நெஞ்சை அழுத்தும் முயற்சியைக் கைவிட்ட பிறகு இதயம் தானாகவே ஓட ஆரம்பித்த அபூர்வ நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. அதற்கு லாசரஸ் என்று, செத்த பிறகு இயேசு எழுப்பியவரின் பைபிள் பெயரையே வைத்திருக்கிறார்கள் (பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் கதையை நான் சொல்லவேண்டியதில்லை). ஆனால் அப்படித் திரும்பினால் நாடி கைக்குத் தட்டுப்படும். கோட்டில் இரண்டு மேடு காட்டிவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் சத்தமில்லாமல் கிடக்காது. சிஸ்டர் சொன்னது சரி. சொன்ன விதம்தான் சரியில்லை. மெஷினை இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று இது என்ன என்று விளக்கியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். நாங்களும் பல நேரம் இந்தத் தப்பைச் செய்கிறோம்.

இனி அப்பா சொன்ன கதைக்கு வருவோம். சிரித்துவிட்டோம் என்று குற்றவுணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அவரும் கூடச் சேர்ந்துதான் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அது அவர் கட்டிய கதை கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்கப் பேராசிரியர் இயான் ஸ்டீவன்சனோடு சேர்ந்து, சாவின் விளிம்புவரை போய்வந்த இந்தியர்கள் பதினாறு பேரின் அனுபவங்களைச் சேகரித்து 1986இல் வெளியிட்டார். ஆள் வந்து கூட்டிப்போவது, ஏட்டோடு ஒருவர் இருப்பது, ஆள் மாறிப்போச்சு என்று திருப்பி அனுப்புவது எல்லாம் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. யமலோகத்தில் கணக்கு வழக்கு அவ்வளவு மோசம் போலிருக்கிறது.

மேல்நாட்டார் அதிகம் சொல்வது இருட்டுக் குகையும் வெளிச்சமும். நெதர்லாந்தில் பிம் வான் லோமல் என்ற இதய மருத்துவர், இதயம் நின்று மீண்ட 344 பேரிடம் விசாரித்து 2001இல் எழுதினார். 62 பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. ஆக, அனுபவம் உண்மை. அதில் யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பது பிறந்து வளர்ந்த ஊரைப் பொறுத்து மாறுகிறது. தாமிரபரணிக் கரையில் எழுபது வருஷம் குளித்த மனிதருக்கு அக்கரையில் அம்மா நிற்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. போன இடத்திலிருந்து கொண்டுவந்த செய்தி என்றால் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே இடத்தைச் சொல்லவேண்டும் அல்லவா? எனக்கு அது, ஆக்சிஜனுக்குத் தவிக்கும் மூளை தன் கையில் இருந்த சாமான்களை வைத்துக் கட்டிய காட்சியாகவே தெரிகிறது.

வாட்ஸ்அப் வீடியோவில் வரும் ஆராய்ச்சி எதுவென்று ஊகிக்க முடிகிறது. சாம் பர்னியா என்ற மருத்துவரின் குழு செய்தது. உடம்பை விட்டு மேலே மிதந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன் என்று சிலர் சொல்கிறார்களே, அதைச் சோதிக்க ஆஸ்பத்திரி அறைகளில் கூரையையொட்டிப் பலகை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்களை வைத்தார்கள். என்ன அழகான யோசனை! ஆனால் முக்கால்வாசிப் பேருக்குமேல் இதயம் நின்றது பலகை இல்லாத அறைகளில். 2014இல் முடிவு வந்தபோது, அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

அதே குழு 2023இல் இரண்டாவது ஆராய்ச்சியை வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் இதயம் நின்ற 567 பேரில் பிழைத்தவர்கள் 53 பேர். பேட்டி கொடுக்க முடிந்தது 28 பேரால். அவர்களில் 11 பேருக்கு ஏதோ ஞாபகம் இருந்தது. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது சிலருடைய மூளையில், அரை மணி, ஒரு மணி நேரம் கழித்தும், நினைவோடு இருப்பவர்களின் மின்னலைபோன்ற அலைகள் தெரிந்தன. இதைத்தான் ‘செத்து ஒரு மணி நேரம் கழித்தும் நினைவு’ என்று மீம் போடுகிறார்கள். அழுத்தும்போது மூளைக்கு வழக்கமான ரத்தத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு போகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். ரத்தம் போகிற மூளை செத்த மூளை ஆகுமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு 2013இல் எலிகளிடமும், 2023இல் செயற்கைச் சுவாசத்தை நிறுத்திய நான்கு நோயாளிகளிடமும், கடைசிக் கட்டத்தில் மூளையின் காமா அலைகள் (நினைவோடு தொடர்புள்ள வேகமான மின்னலைகள்) எப்படி இருக்கின்றன என்று பார்த்தது. எலிகளிலும், அந்த நால்வரில் இரண்டு பேரிடமும் அலைகள் திடீரென்று பொங்கின. அந்த இரண்டு பேரும் தாங்கள் என்ன உணர்ந்தோம் என்று சொல்லத் திரும்பி வரவில்லை. திரும்பி வந்து கதை சொன்னவர்கள் எல்லாரும் வாசல்வரை போனவர்கள். நடை ஏறியவர்கள் இல்லை.

நம் ஆற்றங்கரைக்கு இது பழைய கேள்வி. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் எலும்போடு நெல் உமியும் தினை வகைகளின் உமியும் கிடைத்தன. அவருக்குப் பசிக்குமோ என்று அன்றைக்கும் யாரோ உங்களைப்போலக் கவலைப்பட்டிருக்கிறார்கள். இன்னும் கீழே ஆழ்வார்திருநகரியில், புளியமரத்தடியில் மௌனமாக இருந்த நம்மாழ்வாரிடம் மதுரகவி, “செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?” என்று கேட்டாராம். “அத்தைத் தின்று அங்கே கிடக்கும்” என்று பதில் வந்ததாம். வைணவப் பெரியவர்கள் இதற்கு ஆழமான பொருள் சொல்வார்கள். என் டாக்டர் காதில் அது, உணர்வு உடம்பைத் தின்று உடம்பிலேயே கிடக்கிறது என்றுதான் விழுகிறது. உடம்பு ஓய்ந்த பிறகு அது எதைத் தின்னும்? நான் பார்த்தவரையில், படித்தவரையில், அதன்பின் நினைவு தொடர்கிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதை இதற்காக நீங்கள் விடவேண்டாம். நானும் என் அப்பாவுக்கு இறைக்கிறேன்.

காது விஷயம் மட்டும் தனி. கனடாவில் 2020இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. சாவதற்குச் சில மணி நேரமே இருந்த, கூப்பிட்டால் பதில் இல்லாத நோயாளிகளுக்குச் சில ஒலிகளைக் கேட்கவைத்துப் பார்த்தபோது, அவர்களில் சிலருடைய மூளை நல்ல நினைவில் உள்ளவர்களுடையதைப் போலவே அவற்றுக்கு அசைந்துகொடுத்தது. எனக்கு இது அதற்கு முன்பே தெரியும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நினைவில்லாமல் கிடந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்று, “இவர் இன்னைக்கு ராத்திரி தாண்டமாட்டார்” என்று கூட இருந்தவரிடம் சொன்னேன். தாண்டினார். நான்காம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது என் கையைப் பிடித்து, “தம்பி, ராத்திரி தாண்டமாட்டேன்னு சொன்னது நீருதானவே?” என்றார். அன்றிலிருந்து எந்தக் கட்டிலருகிலும் வாயைக் கவனமாகத்தான் திறக்கிறேன். கடைசி ராத்திரி நீங்கள் அப்பாவின் கையைப் பிடித்து ஏதாவது பேசியிருந்தால், அது அவர் காதில் விழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அம்மாவுக்கு வருவோம். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், போனவரைப் பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ, பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஐம்பது வருஷம் வாசலில் செருமல் கேட்டவுடன் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்த காது, ஒரு மாதத்தில் மறந்துவிடுமா? குறி கேட்கவும் கூட்டிப்போக வேண்டாம், மனநோய் மாத்திரையும் வேண்டாம். அந்தச் சத்தம் அவளைப் பயமுறுத்துகிறதா, தேற்றுகிறதா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாலோ, ‘கூட வா என்று கூப்பிடுகிறார்’ என்று சொன்னாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் டெலி மனாஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, உங்கள் மாத்திரை. சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். பிறகு மாத்திரை இல்லாமல் கண் மூடாது. அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள டாக்டரைப் பாருங்கள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார். அப்பாவுக்குச் சர்க்கரையும் மாரடைப்பும் இருந்திருக்கின்றன, உங்களுக்கு 44 ஆகிறது. போகிற அன்றைக்குக் காலையில் காபிகூடக் குடிக்காமல் போய், சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி மும்பைக்கு ரயில் ஏறுவதற்கு முன் அவரையும் கூட்டிப்போங்கள்.