பிரசவத்துக்கு முந்தைய கடைசி வாரங்கள் கணவனுக்கு எப்படி இருக்கும்?

“மனைவிக்கு 36 வாரம் முடிந்துவிட்டது. எல்லாம் தயாராக இருக்கிறது, நான் மட்டும் எதற்கும் உதவாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. மற்ற அப்பாக்களுக்கு இந்த நாட்கள் எப்படி இருந்தன?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுவரை ஸ்கேன், மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று ஓடிக்கொண்டிருந்தோம். கடைசி வாரங்களில் திடீரென்று ஓட்டம் நின்று காத்திருப்பு மட்டும் மிஞ்சியது. அவளுக்காவது உடம்பு மணிக்கொரு தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தும் அவளிடம் கேட்டும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பார்ப்பதும் கேட்பதும்தான் இந்த வாரங்களில் நமக்கு இருக்கும் பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

முதலில் அந்தத் தேதியின் பிடியிலிருந்து வெளியே வாருங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்குப் போட்டுக் குறித்துக் கொடுக்கிறார்கள். சரியாக அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்தபின் எந்த நாளிலும் பிறக்கலாம், 41ஐத் தாண்டியும் போகலாம். நாங்கள் யாரிடமும் தேதியைச் சொல்லவில்லை, “மாதக் கடைசியில்” என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அப்படியும் “இன்னும் வலி வரலையா?” என்று கேட்டு அழைப்புகள் வந்தன. அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் நிறைமாதத்தில் இருப்பவளுக்கு ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்வது பெரிய அயர்ச்சி. அந்த அழைப்புகளை எல்லாம் நானே எடுத்துப் பேசினேன். நான் செய்த உதவிகளில் இதைத்தான் அவள் இன்றும் சொல்கிறாள்.

குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியதும் மூச்சு வாங்குவது குறைந்தது. பதிலுக்கு அடிவயிற்றில் பாரம், இடுப்பில் குத்தல், அடிக்கடி கழிவறைக்கு எழுந்திருப்பது. இரவில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மல்லாந்து படுத்தால், உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தைக் கருப்பையின் எடை அழுத்தும். தூக்கத்தில் தானாகப் புரண்டு மல்லாந்திருந்தால் பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். திரும்புவதே அவளுக்குப் பாடாக இருந்ததால் முதுகைத் தாங்கிக்கொள்ள நானும் விழித்துக்கொள்வேன். தூக்கம் கலைந்த அந்த நேரங்களில் நாங்கள் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை. பிரசவத்தைப் பற்றிய அவளுடைய உண்மையான பயங்களை இருட்டில்தான் சொன்னாள். நான் ஆறுதல் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழந்தையின் அசைவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “கடைசியில் இடம் பத்தாது, அதனால் அசைவு குறையும்” என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. உதை குறைந்து உருளுவதும் நெளிவதும் கூடலாம். ஆனால் மொத்த அசைவு கடைசிவரை குறையக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் குழந்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் போடும். அதனால் தினமும் அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இருப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருநாள் இரவு அவள், “என்னங்க, இன்னைக்கு எனக்கு என்னமோ சரியாப் படலை” என்றாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அசைவை மட்டும் கவனித்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவ்வளவு தெரியவில்லை. காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே எழவில்லை, உடனே கிளம்பிவிட்டோம். மருத்துவமனையில் வயிற்றில் பட்டைகளைக் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் இயல்பு. அந்தச் சத்தம் கேட்கும்வரை எனக்கு என் கைகள் இருக்குமிடமே தெரியவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது. “அனாவசியமா வந்துட்டோமா?” என்று அவள் கேட்டதற்குச் செவிலியர், “இப்படித் தோணினா எத்தனை தடவை வேணும்னாலும் வாங்கம்மா” என்றார். அந்தப் பெண்ணுக்கு நான் மனதுக்குள் இன்றும் நன்றி சொல்கிறேன்.

வலியைப் பொறுத்தவரை, பொய் வலி பலமுறை வரும். வயிறு கல்போல் இறுகும், பிறகு தளர்ந்துவிடும். 1872இலேயே ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அது பெரும்பாலும் அடங்கும். உண்மையான வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே, வலு கூடிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள் என்பது முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வீடு தொலைவில் இருந்தாலோ இரண்டாவது பிரசவம் என்றாலோ இன்னும் முன்பே போக வேண்டும். நேரத்தைக் குறிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் வலியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

திரைப்படங்களில் பனிக்குடம் உடைந்த பிறகுதான் எல்லாம் தொடங்கும். நிஜத்தில் நிறைமாதத்தில் வலிக்கு முன்பே பனிக்குடம் உடைவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான். உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ ரத்தமாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

என் மனைவி எதையும் “சாதாரணத் தலைவலிதான்” என்று பொறுத்துக்கொள்ளும் ரகம். அதனால் சில அறிகுறிகளை நான் மனப்பாடமே செய்திருந்தேன்: விடாத தலைவலி, கண்முன் பொறி பறப்பது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் சட்டென்று வீங்குவது. இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பதையும் சொல்ல வேண்டும், அது கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இனி உங்களைப் பற்றி. இந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் குழந்தையைப் பற்றியதைவிட அவளைப் பற்றியது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கும். இதை அவளிடம் சொல்லிப் பாரம் ஏற்ற மனம் வரவில்லை, ஏற்கெனவே அப்பாவான ஒரு நண்பனிடம் சொன்னேன். நீங்களும் யாரிடமாவது சொல்லுங்கள். மனைவி கருவுற்ற காலத்திலும் குழந்தை பிறந்த முதல் ஆண்டிலும் அப்பாக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுவதாக 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. ஆண்களின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. குழந்தை பிறப்பதற்குச் சற்றுமுன் அப்பாக்களின் உடலிலும் புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க உதவும் ஹார்மோன்) கூடுவதை 2000இல் கனடிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூக்கமே வராத நாட்கள் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பிரசவ அறையில் தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. உங்கள் மருத்துவமனை அனுமதிக்குமா என்று இப்போதே கேளுங்கள். அதற்கு முன், யார் உடனிருக்க வேண்டும் என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் தன் அம்மாவையோ அக்காவையோ சொன்னால் அதை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். என் மனைவி என்னைத்தான் கேட்டாள். வலி வரும்போது நான் பேசக் கூடாது, இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். எவ்வளவு அழுத்தம், எந்த இடம் என்று வீட்டிலேயே பழகிப் பார்த்ததால் அன்றைக்குத் தடுமாறவில்லை.

இந்த வாரமே ஒரு காரியம் முடித்துவிடுங்கள். மருத்துவமனைக்கு நேரில் போய், நள்ளிரவில் எந்த வாசல் திறந்திருக்கும், பிரசவப் பிரிவு எந்த மாடி, நேரடியாக அழைக்க எந்த எண் என்று கேட்டு, அதை இருவர் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.