வாசகர் கேள்வி – பதில்: பிரட்பி போட்டிக்கு முதன்முறையாகப் போகிறோம்

கேள்வி: என் இளைய மகன் கண்டி திரித்துவக் கல்லூரியில் உயர்தரம் படிக்கிறான். கொழும்பு றோயல் கல்லூரியுடன் நடக்கும் பிரட்பி கேடய றகர் (ரக்பி) போட்டியைப் பார்க்க என்னையும் அவனுடைய அப்பாவையும் கட்டாயம் வரச் சொல்கிறான். தோட்டத்து மைதானத்தில் நடக்கும் உதைபந்தாட்டத்தைத் தவிர நாங்கள் வேறெதையும் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைத் தொலைக்காட்சியில் கண்டாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒன்றும் தெரியாமல் போய் உட்கார்ந்து என்ன செய்வது?
– ஒரு தாய், டிக்கோயா

பதில்: தயங்காமல் போங்கள். உங்கள் ஊருக்கு இந்த விளையாட்டு புதியதன்று. தரவளையில் தோட்டத்துரைமார் தங்கள் கழக மைதானத்தில் ஆடியதும் இதைத்தான், ஆனால் அன்று நம்மவர்களுக்கு அந்த மைதானத்தில் புல் வெட்டும் வேலை மட்டுமே இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளிடம் இதைக் கொண்டுசேர்த்தவர், 1891ஆம் ஆண்டில் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ். இலங்கையின் முதலாவது பாடசாலை றகர் போட்டி 1906ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவத்துக்கும் இடையில் நடந்தது. பிரட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. றோயல் கல்லூரி அதிபராக இருந்த ஈ. எல். பிரட்பி அதை வழங்கினார்.

விதிகள் அனைத்தையும் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகப் பார்ப்பவர்களே சில தீர்ப்புகளைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் பந்தோடு ஓட வேண்டும், அல்லது காலால் உதைக்க வேண்டும். அணிக்கு 15 பேர். 19 வயதுக்குட்பட்டோருக்கான விதிப்படி ஒரு பாதி 35 நிமிடம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, அதற்கு 5 புள்ளி. கோட்டைக் கடந்த பையன் உடனே பந்தை வைத்துவிடாமல், துரத்துகிறவர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டு கோல் கம்பங்களை நோக்கி உள்ளே வளைந்து ஓடுவதைக் காண்பீர்கள். பந்தை வைத்த இடத்துக்கு நேர்கோட்டிலிருந்துதான் அடுத்து உதைக்க வேண்டும் என்பதால், நடுவில் வைத்தால் கம்பங்களுக்கிடையே உதைத்து மேலும் 2 புள்ளி பெறுவது எளிது. எதிரணி குற்றம் செய்ததற்காகக் கிடைக்கும் தண்டனை உதை கம்பங்களுக்கிடையே சென்றால் 3 புள்ளி. விசில் ஊதியதன் காரணம் விளங்காதபோது நடுவரின் கையைப் பாருங்கள். எந்த அணியின் பக்கமாக அது உயர்கிறதோ அந்த அணிக்கே பந்து.

உங்கள் பதற்றம் நியாயமானதே. அடிபடாத விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், முன்வரிசைப் பையன்கள் தலையைக் குனிந்து தோளோடு தோள் கோத்து முட்டும் ‘ஸ்க்ரம்’, பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், இவ்வயதினருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று: ஒன்றரை மீற்றருக்கு மேல் எதிரணியைத் தள்ளிச் செல்ல அனுமதியில்லை. தோளுக்கு மேலே பிடித்து வீழ்த்துவது குற்றம். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தால் அந்தப் பிள்ளையை வெளியே அழைத்துவிட வேண்டும். ஒருவன் விழுந்து கிடக்கும்போது மருத்துவ உதவியாளர் மைதானத்துக்குள் ஓடிவருவதைக் கண்டு கலங்கிவிடாதீர்கள். தண்ணீர் குடித்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ஓடுகிறவர்களே பெரும்பாலானோர்.

இனி, போகும் வழி. திரித்துவக் கல்லூரியின் றகர் மைதானம் பல்லேகலையில் இருக்கிறது. சர்வதேச கிரிக்கெட் மைதானமும் அங்கேயே இருப்பதால், முச்சக்கரவண்டிக்காரரிடம் ‘றகர் கிரவுண்ட்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டை மகன் மூலம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். டிக்கோயாக் குளிருக்கு ஏற்ற கம்பளிச் சட்டை அங்கே சுமையாகிவிடும். ஆனால் மழைச்சட்டை அவசியம், ஏனெனில் குடையை விரித்தால் பின்னால் இருப்பவர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். சேலையின் நிறத்தையும் கவனியுங்கள்: சிவப்பு, பொன், நீலம் மூன்றும் திரித்துவத்துக்குரியவை, நீலமும் பொன்னும் றோயலுக்குரியவை என்பதால், சிவப்பில்லாத நீலச் சேலையில் போய் மகனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மகன் உங்களுடன் உட்காருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். மாணவர்கள் ஒன்றாகக் கூடி நின்றுதான் ஆரவாரம் செய்வார்கள். பப்பரே வாத்தியம் முழங்கத் தொடங்கினால் கைத்தொலைபேசி ஒலிப்பதுகூடக் கேட்காது. ஆகவே ஆட்டம் முடிந்தபின் எந்த வாயிலில் சந்திப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று தீர்மானிக்கிறார்கள். பல்லேகலையில் நடப்பது முதலாவது ஆட்டமாக இருந்தால், வென்றாலும் தோற்றாலும் வித்தியாசம் எத்தனை புள்ளி என்ற கணக்கைத்தான் வீடு வரும்வரை மகன் பேசிக்கொண்டிருப்பான். ஹட்டனுக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் கண்டியில் இறங்கியதுமே விசாரித்துக்கொள்ளுங்கள்.