காகிதக் கூழுக்கான பல்ப் மரம் வெட்ட பழைய வில் பார் செயின்சா வாங்கலாமா?

விலைக்கு வரும் பழைய வில் பார் மெஷினை (செயின் ஓடும் பார் நீட்டுத் தகடாக இல்லாமல் வில்போல் வளைந்த ரம்பம்) பைன் கட்டை துண்டு போட வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளைக் கொல்லும் சாமான், தொடவே கூடாது என்பார்கள் பலர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரம்பம் பழுது பார்க்கும் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பேச்சு பாதிதான் சரி.

சொந்த நிலத்து மரத்தைத் தனியாளாக வெட்டுகிறவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கத் தென் மாநிலங்களில் பைன் பல்ப் கட்டையை 5 அடி 3 அங்குலத் துண்டுகளாக்கி லாரியில் அடுக்கி ஆலைக்கு அனுப்பிய காலத்தில் கொடிகட்டிப் பறந்த மெஷின் இது. கீழே கிடக்கும் மரத்தை நாள் முழுக்கக் குனிந்து வெட்டினால் இடுப்பு போய்விடும். வில் பார் என்றால் ஏறக்குறைய நின்றபடியே மேலிருந்து வெட்டலாம். சாதாரண பார் அகலமானது, கட்டை தொய்ந்து வெட்டுவாய் மூடினால் அப்படியே கவ்விக்கொள்ளும். வில்லில் உள்ளே போவது ஒல்லியான விளிம்பு மட்டும், நடுவில் வெற்றிடம். அதனால் சிக்குவது குறைவு, ஆப்பு வைக்கவும் இடம் கிடைக்கும்.

ஆபத்தும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. வளைவு முழுக்கச் செயின் ஓடுகிறது. முனையின் மேல் பகுதி பக்கத்துக் கட்டையில் பட்டால் மெஷின் ஆள் மேலேயே எகிறும். அதற்குத்தான் மேலே காப்புத் தகடும், கீழே கட்டையில் முட்டுக் கொடுக்கும் கொம்பும்.

ஒருமுறை பழுதுக்கு வந்த மெஷினில் அந்தத் தகட்டை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் பிசிறு கூட நீக்கவில்லை. புதுத் தகடு போடாமல் தர மாட்டேன் என்றேன். "லோடு கணக்கில் கூலி வாங்குகிறவன் நான், இது இருந்தால் வேலை ஓடாது" என்று அவர் கத்தினார். முதலாளியும் அவர் பக்கம். கடைசியில் தகடு போட்டுத்தான் மெஷின் போனது. அந்த வாடிக்கையாளர் அப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். வியாபாரம் தெரியாதவன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலில் 1995 பிப்ரவரி 9-க்குப் பிறகு புதிதாக இறக்கும் செயின்சாவில் செயின் பிரேக் (மெஷின் எகிறினால் செயினை நிறுத்தும் அமைப்பு) கட்டாயம். உங்களுக்கு வருவது அதற்கும் முந்தையது என்றால் பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக், தகடு, கொம்பு மூன்றும் சரியாக இருந்தால், வெட்டிப் பழகிய கையாகவும் இருந்தால் வாங்கலாம். ஒன்று இல்லை என்றாலும் இலவசமாகக் கொடுத்தால்கூட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் இழுத்து வந்த கட்டையை அப்படியே வெட்டிவிட்டு, மறுநாளே "நீங்கள் சாணை பிடித்தது சரியில்லை" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மணல் பட்டால் எந்தச் செயினும் சில நொடியில் மழுங்கும். பட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டிவிட்டு வெட்டுங்கள் ஐயா, அரம் பிடிக்கிறவனுக்கும் கை வலிக்கும்.