அரச காணி ஏலமும் உடன்படிக்கை உரிமையும்: கேள்வி பதில்

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாண அரசு, தன் பெயரிலுள்ள விவசாயக் காணிகளை இணைய ஏலத்தில் விற்று வருகிறது. இது எங்கள் உடன்படிக்கைக்கு விரோதம் என்று பூர்வகுடித் தலைவர்கள் எதிர்க்கிறார்கள். இது பற்றி உங்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருந்தன. இங்கே இருபது வருடமாக நில அளவை வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அரசாங்கம் தன் காணியை விற்கிறது. அதில் மற்றவர்களுக்கு என்ன உரிமை?

"தன் காணி" என்று சொல்லும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. இந்த மாகாணத்தின் தெற்குப் பகுதியில் பெரும்பாலானது நான்காம் உடன்படிக்கைக்குள் வருகிறது. கிரீ, சோல்ட்டோ மக்களும் பிரிட்டிஷ் முடியின் பிரதிநிதிகளும் 1874 செப்டம்பர் 15 அன்று கப்பெல் பள்ளத்தாக்கில் செய்துகொண்டது அது. அதன்படி பூர்வகுடிகளுக்கு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் காணி ஒதுக்கப்படும். மிச்ச நிலத்திலும் அவர்கள் வேட்டையாடலாம், பொறி வைக்கலாம், மீன் பிடிக்கலாம். குடியேற்றம், சுரங்கம் போன்றவற்றுக்கு எடுத்துக்கொண்ட நிலம் மட்டும் விலக்கு.

1930இல் மத்திய அரசு நிலத்தை மாகாணத்தின் கையில் கொடுத்தது. உணவுக்காக வருடம் முழுவதும், பயன்பாட்டில் இல்லாத அரச காணிகளில் பூர்வகுடிகள் வேட்டையாடலாம் என்று அந்தக் கைமாற்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அதற்கு அரசமைப்பின் பலமும் உண்டு. அதாவது, அந்த உரிமைக்குக் கால் வைக்க இடம் தருவதே அரச காணிதான். காணியை விற்றால் உடன்படிக்கையில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆனால் அதை அனுபவிக்க இடம் இருக்காது. என் கவலையெல்லாம் இதுதான். தெற்கில் பெரும்பகுதி நிலம் ஏற்கெனவே தனியார் கைக்குப் போய்விட்டது.

அன்றைக்கே அவர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதானே ஆங்கிலப் பிரதி சொல்கிறது?

ஆமாம், "ஒப்படைக்கிறோம்" என்று அந்தப் பிரதியில் இருக்கிறது. நிலத்தைப் பகிரச் சம்மதித்தோம், ஏர் கீறும் ஆழத்துக்குத்தான் சம்மதித்தோம் என்று மூத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டில் எது சரி என்று கேட்பவர்களிடம் நான் அதே பிரதியில் இன்னொரு வரியைக் காட்டுவேன். வெடிமருந்து, குண்டு, வலை பின்னும் நூல் ஆகியவற்றுக்காக வருடத்துக்கு 750 டாலர் தர அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. வேட்டையையும் மீன்பிடியையும் விட்டுவிடப் போகிறவர்களுக்கு எதற்கு வெடிமருந்தும் வலை நூலும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்கணக்கில் நீண்ட அந்தப் பேச்சுவார்த்தை தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. காரணம், அதற்கு முன்பே நடந்த ஒரு காணி விற்பனை. விலங்குத் தோல் வாணிபம் செய்த ஹட்சன் பே கம்பெனி இந்த நிலப்பரப்பின் மீது தனக்கிருந்த உரிமையை 1870இல் 3,00,000 பவுண்டுக்குக் கனடாவுக்குக் கைமாற்றியிருந்தது. இங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பாஸ்குவா என்ற தலைவர், கூட்டத்தில் இருந்த கம்பெனி அதிகாரியைச் சுட்டிக்காட்டி, இவர்கள் வாங்கிய அந்தப் பணம் எங்களுக்கு வேண்டும் என்று நேராகவே கேட்டார். இன்றைய ஏலத்தைப் பற்றி அவர்கள் பேசும்போது குரலில் ஏன் அத்தனை சூடு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஊரில் காணி பறிபோனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு துண்டு விற்றால் தரையில் அப்படி என்ன மாறிவிடும்?

இங்கே காணியைச் சதுர மைலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டியிருக்கிறார்கள். கால் துண்டு 160 ஏக்கர். ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் உழப்படாத புல்வெளி, நடுவில் ஒரு குட்டை, ஓரத்தில் வில்லோப் புதர்.

நான் அளக்கப் போன ஒரு துண்டில், குத்தகைக்கு மாடு மேய்த்த காலத்தில் ஒரு கம்பிப் படல் இருந்தது. வளையத்தைத் தூக்கினால் திறக்கும். போகிறவர் மறுபடி மாட்டிவிட்டுப் போவார். குட்டையோரம் இனிப்புப் புல் வளரும் இடம். சடங்குகளில் பின்னிப் புகை போடுகிற மணமுள்ள புல் அது. கோடையில் பக்கத்துப் பூர்வகுடிக் கிராமத்துப் பெண்கள் வந்து, முதலில் கொஞ்சம் புகையிலையை மண்ணில் வைத்துவிட்டு, பிறகுதான் பறிப்பார்கள். விற்பனைக்கு அப்புறம் நான் போனபோது இரும்புக் கேட், சங்கிலி, பூட்டு. அடுத்த வருடம் புல்வெளியை உழுதுவிட்டார்கள். உழுத மண்ணில் அந்தப் புல் தானாகத் திரும்பி வருவதைக் காண்பது அரிது.

தனியார் காணியில் வேட்டையாடவே முடியாதா?

சில இடங்களில் முடியும். 1996இல் உச்ச நீதிமன்றம் பாட்ஜர் வழக்கில் இதைப் பார்த்தது. ஆல்பர்ட்டாவில் தனியார் நிலத்தில் மூஸ் என்ற பெரிய மானைச் சுட்ட மூன்று பேரின் வழக்கு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிலம் வேறு பயன்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். ஒருவர் சுட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது போலத் தெரிந்த வீடு, இன்னொருவர் சுட்டது பயிர் நிலம். இருவருக்கும் உரிமை இல்லை என்றார்கள். மூன்றாமவர் நின்றது வேலியோ பலகையோ இல்லாத சதுப்பு நிலம். அங்கே உரிமை உண்டு என்றார்கள். ஆனால் 2022 ஜனவரி முதல் சஸ்காச்சுவனில் அடுத்தவர் நிலத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இதனால் அரச காணியின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

பூர்வகுடிகளைக் கேட்காமல் அரசு விற்கலாமா?

கூடாது. 2004இல் ஹைடா என்ற பூர்வகுடியின் வழக்கும் 2005இல் மிக்கிசூ கிரீ என்ற பூர்வகுடியின் வழக்கும் கலந்தாலோசிக்கும் கடமையை உறுதி செய்தன. நிலத்தை எடுத்துக்கொள்ள உடன்படிக்கை இடம் கொடுத்தாலும், எடுக்கும்முன் பேச வேண்டும். 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் புளூபெரி ரிவர் மக்களின் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சின்னச் சின்னதாக எடுத்தவை எல்லாம் சேர்ந்து, வாழ்க்கை முறையையே நடத்த முடியாமல் செய்தால் அதுவே உடன்படிக்கை மீறல்தான் என்றது. ஏலத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஒவ்வொரு 160 ஏக்கரையும் தனித்தனியே பார்த்துப் "பாதிப்பு குறைவு" என்று எழுதிக்கொண்டே போனால், கூட்டிப் பார்க்கிறவர் யார்?

ஏலத்தில் அவர்களே வாங்கிக்கொள்ளலாமே, அக்கா?

வாங்குகிறார்கள். உடன்படிக்கைப்படி கிடைக்க வேண்டிய காணி பல குடிகளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்க 1992இல் ஒரு ஒப்பந்தம் வந்தது. அரசு பணம் கொடுக்கும், விற்க விரும்புகிறவரிடம் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் வாங்கி முடிக்காத குடிகள் இருக்கும்போது, அதே காணியைப் பணம் படைத்தவரோடு போட்டி போட்டு வாங்கு என்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

நாங்கள் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். இது எங்கோ நடக்கிற கதைதானே?

நீங்கள் இருக்கும் இடமும் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருகிறது. அதில் ஏழு பூர்வகுடிக் குழுமங்களின் வேட்டை உரிமை பிடுங்கப்பட்டது. 2018இல்தான் சுமார் 110 கோடி டாலர் இழப்பீடும், வேட்டை, மீன்பிடி உரிமைக்கான அங்கீகாரமும், மன்னிப்பும் கிடைத்தன. இடையில் 95 வருடம்.

நான் இங்கே காணி வாங்க நினைக்கிறேன். காணி உறுதிப் பத்திரம் பிற்காலத்தில் செல்லாமல் போகுமா?

பயப்பட வேண்டாம். அவர்கள் கணக்குக் கேட்பது அரசிடம்தான். ஆனால் ஏலத்தில் விலை சொல்வதற்கு முன், பக்கத்தில் இருக்கும் பூர்வகுடிக் குழுமத்தின் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அந்தத் துண்டில் யார் வந்து போகிறார்கள் என்று கேளுங்கள். வாங்கிய பிறகும் வரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, குட்டையைச் சுற்றி உழாமல் விட்டு, கேட் சாவி ஒன்றை அந்த அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறார்.