நூறு பந்தில் ஒரு ஹோம் ரன் வருமா?

பள்ளி அணியோடு பேஸ்பாலை நிறுத்திய உங்களால், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் வீசும் பந்துவீச்சாளரின் நூறு பந்துகளில் ஒன்றையாவது வேலி தாண்டி அடிக்க, அதாவது ஹோம் ரன் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்றே நினைக்கிறேன். மணிக்கு 95 மைல் வேகப் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். நடுவில் வளைவுப் பந்தும் வந்தால் மட்டையில் படுவதே பெரிது. பேஸ்பாலுக்கு வந்த கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட உடல், எவ்வளவு உழைப்பு! 1994-இல் பர்மிங்காம் பாரன்ஸ் அணிக்காக 127 ஆட்டங்கள் ஆடி மூன்றே ஹோம் ரன்கள், அதுவும் மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில்.

பயிற்சிக்காக மெதுவாகப் போடும் பந்து என்றால் கதையே வேறு. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் வலது மூலை வேலி அடிப்பவரிடமிருந்து வெறும் 302 அடிதான். நீங்கள் இடது கை ஆட்டக்காரர் என்றால் அந்தப் பக்கம் இழுத்து அடித்துப் பாருங்கள். முதலில் 70 மைல் இயந்திரப் பந்து மட்டையின் நடுவில் படட்டும், அப்புறம் தூரத்தை யோசிக்கலாம்.